குமரி மாவட்டத்திலிருந்து டிஐ பார்ப்பது எப்படி? டோட்டா 2 உலகப் போட்டிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

டோட்டா 2 என்னும் கணினி விளையாட்டின் உலகச் சாம்பியன் யார் என்பதை முடிவு செய்யும் போட்டிக்குத் ‘தி இன்டர்நேஷனல்’ என்று பெயர். ரசிகர்கள் அதைச் சுருக்கி டிஐ என்பார்கள். விளையாட்டை உருவாக்கிய அமெரிக்க நிறுவனமான வால்வ், 2011 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கேம்ஸ்காம் கண்காட்சியின் ஒரு பகுதியாக இதை முதன்முறை நடத்தியது. அன்று 16 அணிகள் மோதின. உக்ரைனின் நாவி அணி, சீனாவின் ஈஹோம் அணியை 3-1 என்ற ஆட்டக் கணக்கில் வென்று 10 லட்சம் டாலர் முதல் பரிசைக் கொண்டுசென்றது. அதற்குப் பிறகு பெருந்தொற்றால் ஒத்திவைக்கப்பட்ட 2020 நீங்கலாக, ஆண்டு தவறாமல் இந்தப் போட்டி நடந்துவருகிறது.

நம் மாவட்டத்தில் விளையாட்டுப் பிரியர்களான இளைஞர்களில் பெரும்பாலோர் கைபேசியில் பழகியவர்கள். டோட்டா கைபேசியில் ஓடாது. ஆனால் போட்டியைப் பார்க்கக் கைபேசி போதும். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணனோ வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமாவோ சொன்னார் என்பதற்காக ஓர் இறுதியாட்டத்தைத் திறந்து, திரையெங்கும் ஒளியும் வெடிப்புமாக இருப்பதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே விளங்காமல் மூடியவர்கள் பலர். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: முதல் ஆண்டில் சண்டையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, வரைபடத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

முதல் படி: ஆட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் தெரிந்துகொள்ளுதல்

அணிக்கு ஐந்து பேர் வீதம் இரண்டு அணிகள். சதுர வடிவிலான நிலப்பரப்பின் இடது கீழ் மூலையில் ரேடியன்ட் அணியின் கோட்டையும், வலது மேல் மூலையில் டையர் அணியின் கோட்டையும் இருக்கும். ஒவ்வொரு கோட்டையின் நடுவிலும் ஏன்ஷியன்ட் என்ற கட்டடம் ஒன்று உண்டு. அதை இழக்கும் அணி தோற்றுவிடும். இரண்டு கோட்டைகளையும் மூன்று பாதைகள் இணைக்கின்றன; அவற்றை லேன் என்பார்கள். ஒவ்வொரு லேனிலும் காவல் கோபுரங்கள் இருக்கும். 30 நொடிக்கு ஒருமுறை இரு பக்கத்திலிருந்தும் கிரீப் எனப்படும் சிறு படைகள் தாமாகவே புறப்பட்டு வந்து நடுவழியில் மோதிக்கொள்ளும். அந்தக் கிரீப்பைக் கடைசி அடி அடித்து வீழ்த்துபவருக்குத் தங்கம் கிடைக்கும்; தங்கத்தைக் கொடுத்து ஆயுதங்களும் கருவிகளும் வாங்கலாம்.

இவ்வளவு போதும். விளையாட்டில் 120க்கும் மேற்பட்ட ஹீரோக்கள், அதாவது ஆடுபவர் ஆளுக்கொன்றாக எடுத்து இயக்கும் பாத்திரங்கள், இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு திறன்களாவது உண்டு. அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் பார்ப்பேன் என்று உட்கார்ந்தால் அடுத்த டிஐ வந்துவிடும். பார்க்கப் பார்க்கப் பத்துப் பதினைந்து ஹீரோக்கள் தாமே மனத்தில் பதிவார்கள். அந்த ஆண்டு எல்லா அணிகளும் விரும்பி எடுக்கும் ஹீரோக்கள் ஏறக்குறைய அவ்வளவுதான் இருப்பார்கள்.

புதியவர்களைத் திகைக்க வைக்கும் ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல ஆட்டங்களில் ஏன்ஷியன்ட் இடிவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். இனி மீள வழியில்லை என்று தெரிந்ததும், தோற்கும் அணியில் ஒருவர் உரையாடல் பெட்டியில் ‘ஜிஜி’ என்று தட்டுவார்; நன்றாக ஆடினீர்கள் என்று தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அது. ஒளிபரப்பு திடீரென நின்றுவிட்டதாக எண்ணி இணைய இணைப்பைச் சோதிக்க ஓட வேண்டாம்.

இரண்டாம் படி: ஐந்து பேரின் வேலைப் பங்கீடும் சிறு வரைபடமும்

ஓர் அணியின் ஐந்து பேரும் ஒரே தரத்தவர்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் தங்கம் ஒரே அளவில் இருக்காது. யார் அதிகம் சேர்க்க வேண்டும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. ஒன்றாம் எண் இடத்தில் ஆடுபவர் கேரி; தொடக்கத்தில் வலுவின்றி இருந்தாலும், தங்கம் சேரச் சேரக் கடைசியில் ஆட்டத்தைத் தோளில் சுமப்பவர் அவரே. இரண்டாம் எண் நடு லேனில் தனியாக நிற்பவர். மூன்றாம் எண்ணை ஆஃப்லேன் என்பார்கள். எதிரணியின் கேரியைத் தொந்தரவு செய்வதும், சண்டையை முன்னின்று தொடங்குவதும் அவர் பொறுப்பு. நான்காம், ஐந்தாம் எண்கள் சப்போர்ட். தமக்கென்று அதிகம் வாங்காமல், மற்றவர்களைக் காப்பதற்கும் இருள் சூழ்ந்த பகுதிகளில் வார்டு என்னும் கண்காணிப்புக் கருவியை வைத்து எதிரியின் நடமாட்டத்தைக் கண்டறிவதற்கும் தங்கத்தைச் செலவிடுபவர்கள். பெரும்பாலான அணிகளில் தலைவர் ஐந்தாம் எண்ணாகவே இருப்பது தற்செயலானதன்று. கைக்கு வேலை ஓரளவு குறைவாக உள்ளவரால்தான் ஆட்டம் முழுவதையும் மனத்தில் வைத்துத் திட்டமிட முடியும் என்று நினைக்கிறேன்.

இப்போது திரையின் கீழ் மூலையில் இருக்கும் சிறு சதுரத்துக்கு வருவோம். அதுவே மினிமேப். பத்து ஹீரோக்களும் எங்கே இருக்கிறார்கள் என்பதை அது எந்நேரமும் காட்டிக்கொண்டிருக்கும். தூத்தூர் முதலான நம் கடற்கரைக் கிராமங்களில் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பந்தை மட்டுமே கண்ணால் துரத்துபவருக்குக் கோல் எப்படி விழுந்தது என்று தெரியாது, பந்தில்லாமல் ஓடியவனைக் கவனித்தவருக்குத்தான் தெரியும். ஒளிபரப்புக் கேமரா சண்டை நடக்கும் இடத்தையே பெரிதாகக் காட்டும். சண்டையில் இல்லாதவர் என்ன செய்கிறார் என்பது மினிமேப்பில் மட்டுமே தெரியும்.

இதற்கு 2013ஆம் ஆண்டு இறுதியாட்டத்தைவிட நல்ல பாடம் இல்லை. சியாட்டில் நகரின் பெனரோயா அரங்கில் சுவீடனின் அலையன்ஸும் நாவியும் 2-2 என்று சமநிலையில் இருந்து ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தன. அலையன்ஸின் புல்டாக், நேச்சர்ஸ் பிராஃபெட் என்ற ஹீரோவை வைத்துக்கொண்டு, சண்டைகளுக்கு விலகி நின்று எதிரணியின் கட்டடங்களை இடித்துக்கொண்டிருந்தார். அந்த ஹீரோவால் வரைபடத்தின் எந்த இடத்துக்கும் நொடிகளில் தாவ முடியும். தங்கள் கோட்டை சரிவதைக் கண்ட நாவி வீரர்கள் டெலிபோர்ட் செய்து, அதாவது நின்ற இடத்திலிருந்தே கோட்டைக்குத் தாவி, திரும்ப முயன்றனர். அந்தக் கணத்தில் அலையன்ஸின் எஸ்4, பக் என்ற ஹீரோவின் ட்ரீம் காயில் திறனை அவர்கள் மேல் வீசி டெலிபோர்ட்டைத் தடுத்தார். அவர்கள் வீடு திரும்ப முடியவில்லை. கோப்பை அலையன்ஸுக்குப் போனது. அந்தக் காட்சியின் பதிவு யூடியூபில் கிடைக்கிறது. முதல்முறை பார்க்கும்போது நடுத்திரையைப் பாருங்கள். பிறகு அதே ஒரு நிமிடத்தை மினிமேப்பை மட்டும் பார்த்தபடி ஓட்டுங்கள். முதல் பார்வையில் வெறும் கைகலப்பாகத் தெரிந்தது, இரண்டாவது பார்வையில் கோட்டையை யார் முதலில் இடிப்பது என்ற ஓட்டப்பந்தயமாகத் தெரியும்.

இந்தப் பயிற்சியை நான்கைந்து பழைய ஆட்டங்களில் செய்துவிட்டு நேரலைக்கு வருவது நல்லது. பழைய ஆட்டங்களில் முடிவு முன்பே தெரிந்திருப்பதால் பதற்றமில்லாமல் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: டிராஃப்டைத் தவறவிடாமல் பார்த்தல்

ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணித் தலைவர்களும் மாறி மாறி ஹீரோக்களைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுப்பதைவிடக் கூடுதலான எண்ணிக்கையில் தடையும் செய்வார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். பெரும்பாலான புதியவர்கள் தேநீர் போடப் போகும் நேரம் இதுதான். ஆனால் பல ஆட்டங்களின் பாதி முடிவு இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஒருமுறை எடுக்கப்பட்ட ஹீரோ அந்த ஆட்டத்தில் எதிரணிக்குக் கிடைக்க மாட்டார்; தடை செய்யப்பட்டவர் இருவருக்குமே கிடைக்க மாட்டார். எனவே ஒவ்வொரு தடையும், உங்களிடம் இருக்கும் இன்ன ஆயுதத்துக்கு நாங்கள் அஞ்சுகிறோம் என்று வாய்திறந்து சொல்வதற்குச் சமம். புதியவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே: எந்த அணி எதற்கு அஞ்சியது? அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் விட்டதா?

2021இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்த இறுதியாட்டம் இதற்குச் சான்று. டீம் ஸ்பிரிட் அணியின் கொலாப்ஸ், மேக்னஸ் என்ற ஹீரோவைக் கையாள்வதில் அந்தப் போட்டி முழுவதும் பேர்பெற்றவர். சிதறி நிற்கும் எதிரிகளை ஒரே புள்ளிக்கு இழுத்து உறைய வைக்கும் திறன் மேக்னஸுக்கு உண்டு. 2-2 என்ற நிலையில், ஐந்தாவது ஆட்டத்தின் டிராஃப்டில், சீனாவின் பிஎஸ்ஜி எல்ஜிடி அணி அந்த ஹீரோவைத் தடை செய்யாமல் விட்டது. கொலாப்ஸ் எடுத்தார், ஸ்பிரிட் வென்றது. எல்ஜிடி ரசிகர்கள் இன்றும் ஆறாமல் பேசுவது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

நான்காம் படி: தங்கம், பைபேக், ரோஷன்

எண்கள் பல திரையில் ஓடும். இறப்பு எண்ணிக்கையைப் பார்த்து யார் முன்னணியில் இருக்கிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு அணிகளின் மொத்தச் சொத்து வேறுபாட்டைக் காட்டும் நெட்வொர்த் கணக்கே நம்பகமானது. பத்துப் பேரை வீழ்த்திய அணி, கிரீப்பைக் கவனிக்காமல் விட்டதால் தங்கத்தில் பின்தங்கியிருப்பது அடிக்கடி நடக்கும்.

வீழ்ந்த ஹீரோ சிறிது நேரம் கழித்து மீண்டும் எழுவார். ஆட்டம் நீள நீள அந்தக் காத்திருப்பு நேரமும் கூடும். கடைசிக் கட்டத்தில் ஒரு நிமிடத்தையும் தாண்டும். தங்கம் செலுத்தி உடனே எழுந்துவரும் வழி ஒன்று உண்டு. அதற்குப் பைபேக் என்று பெயர். ஒருமுறை பயன்படுத்திய பிறகு எட்டு நிமிடங்களுக்கு அதை மீண்டும் பயன்படுத்த முடியாது. 40ஆம் நிமிடத்துக்குப் பிறகு வர்ணனையாளர்கள் பதறிப் பேசுவதில் பாதி, யாரிடம் பைபேக் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதைப் பற்றியதாகவே இருக்கும். பைபேக் இல்லாத கேரி வீழ்ந்தால், அந்த ஒரு நிமிடத்துக்குள் கோட்டையே போய்விடக்கூடும்.

ரோஷன் என்பது குகையில் வாழும் பேருருவம். எந்த அணியையும் சேராதது. அதைக் கொல்லும் அணிக்கு ஏஜிஸ் என்ற கேடயம் கிடைக்கும். அதை வைத்திருப்பவர் வீழ்ந்தால் அதே இடத்தில் மறுபடி எழுவார். ஐந்து நிமிடத்துக்குள் பயன்படாவிட்டால் அது மறைந்துவிடும். கொல்லப்பட்ட ரோஷன் எட்டிலிருந்து பதினொரு நிமிடத்துக்குள் திரும்ப வரும். சரியாக எந்த நொடி என்பது இரு அணிகளுக்கும் தெரியாது. அதனால் குகையைச் சுற்றி அணிகள் பதுங்கத் தொடங்கினால், கையில் இருக்கும் வேலையை ஒதுக்கிவிட்டுத் திரையைப் பாருங்கள். 2015 இறுதியாட்டத்தின் நான்காவது ஆட்டத்தில் சீனாவின் சிடிஇசி அணி ரோஷனை வீழ்த்திக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் ஈவில் ஜீனியசஸ் அங்கே வந்து சேர்ந்தது. குறுகிய இடத்தில் நெருங்கி நின்றவர்கள் மேல் பனிக்கட்டித் தாக்குதல் விழுந்தது. அதன் மேல் யுனிவர்ஸ் என்ற வீரர் எர்த்ஷேக்கர் என்ற ஹீரோவின் எக்கோ ஸ்லாம் திறனை இறக்கினார். சில நொடிகளில் ஆட்டம் கைமாறியது. 66 லட்சம் டாலருக்கு மேற்பட்ட முதல் பரிசு அந்த அணிக்குச் சென்றது. அந்த அணியின் நடு லேன் வீரர் சுமைல், கராச்சியில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 16.

ஐந்தாம் படி: போட்டியின் அமைப்பு

அமைப்பு ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். 2025இல் ஹாம்பர்க் நகரில் நடந்த போட்டியை மாதிரியாகக் கொள்ளலாம். 16 அணிகள்; அவற்றில் பாதி நேரடி அழைப்புப் பெற்றவை, மீதி பகுதிவாரித் தகுதிச்சுற்றுகளில் வென்று வந்தவை. முதலில் சுவிஸ் முறைச் சுற்று: வென்ற அணி வென்ற அணியோடும், தோற்ற அணி தோற்ற அணியோடும் மோதிக்கொண்டே போகும். நான்கு வெற்றி பெற்றால் அடுத்த கட்டம். நான்கு தோல்வி கண்டால் வெளியேற்றம். இடைப்பட்டவர்களுக்கு ஒரு வாழ்வா சாவா ஆட்டம். பிறகு எட்டு அணிகள் பெரிய அரங்குக்கு வரும். அங்கே மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று இரண்டு உண்டு. மேல் அடுக்கில் தோற்றவர் கீழே இறங்குவார். கீழே தோற்றவர் ஊருக்குப் போவார். பெரும்பாலான மோதல்கள் மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்வோர்க்கு. இறுதி மட்டும் ஐந்தில் மூன்றை வெல்வோர்க்கு.

நேரம் குறைவாக உள்ளவர்கள் கீழ் அடுக்கைப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. தோற்றால் அந்த ஆண்டே முடிந்துவிடும் என்ற நிலையில் ஆடுபவர்களிடம் ஒளிவுமறைவு இருக்காது. மேலே சொன்ன டீம் ஸ்பிரிட், 2021இல் முதல் மோதலிலேயே கீழே தள்ளப்பட்டு, அங்கிருந்து ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டே ஏறி வந்துதான் பட்டம் வென்றது.

பரிசுத் தொகை பற்றிப் பழைய செய்திகளைப் படிப்பவர்கள் குழம்பக்கூடும். 2013இலிருந்து, ரசிகர்கள் வாங்கிய காம்பெண்டியம் என்னும் மின்னூலின் விற்பனையில் 25 சதவீதம் பரிசில் சேர்ந்தது. அதனால் 2021இல் மொத்தத் தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. 2023இல் வால்வ் அந்தப் பாணியிலான விற்பனையைக் கைவிட்டதும் தொகை ஏறக்குறைய 30 லட்சம் டாலருக்கு இறங்கிவிட்டது. பணம் குறைந்தது, ஆட்டத்தின் தரம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்தியா தென்கிழக்காசியப் பகுதியின் தகுதிச்சுற்றில் சேர்க்கப்பட்டுள்ளது. அங்கே போட்டி கடுமை. இந்தியாவில் தொடங்கப்பட்ட என்டிட்டி என்ற அமைப்பின் பெயரில் 2022 டிஐயில் ஓர் அணி ஆடியது என்றாலும், அதன் வீரர்கள் ஐரோப்பியர்கள். அதே 2022இல் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் இந்திய டோட்டா அணி வெண்கலம் வென்றது. நம் ஆட்கள் யாரும் இந்தப் பக்கமே வந்ததில்லை என்று எண்ண வேண்டாம்.

ஆறாம் படி: நேரம், இணையம், மின்சாரம்

போட்டி எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் தூக்கம் அமையும். ஜெர்மனி, டென்மார்க் போன்ற இடங்களில் கோடைக்காலக் கணக்கில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 1.30. சியாட்டிலில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 10.30, அங்கே இறுதியாட்டம் என்றால் இங்கே சிவராத்திரி. ஷாங்காயும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஷாங்காய் அறிவிக்கப்பட்டிருப்பது நம் பக்கத்து ரசிகர்களுக்கு நல்ல செய்தி. காலைச் சாப்பாட்டோடு தொடங்கி மாலை விளக்கேற்றும் நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

டிஐ வழக்கமாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் வரும். நமக்கு அது ஓணக் காலம். 2025இல் சுவிஸ் சுற்று செப்டம்பர் 4 முதல் 7 வரை நடந்தது. திருவோணம் 5ஆம் தேதி. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கும் அந்த நாளில் பிற்பகல் முழுவதும் ஆட்டம் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் இதே மாதங்களில்தான் மழையும் காற்றும். தென்மேற்குப் பருவமழை போகும் முன்பே வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும் மாவட்டம் இது. குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் மரக்கிளை ஒன்று மின்கம்பியில் விழுந்தால் ஆட்டம் அத்தோடு சரி. ஆகவே வைஃபை ரௌட்டருக்கு மட்டுமாவது சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி இணைத்துவிடுங்கள். விலை அதிகமில்லை, கைபேசியில் மின்னேற்றம் இருக்கும் வரை ஆட்டத்தைத் தொடரலாம். இறுதிச் சுற்று நாட்களில் உங்கள் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு இருக்கிறதா என்று நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் பார்த்துவைப்பதும் நல்லது.

கைபேசி டேட்டாவில் பார்ப்பவர்கள் 480பி தரத்தில் வைத்துக்கொண்டால் மணிக்கு அரை ஜிபியிலிருந்து முக்கால் ஜிபி வரை செலவாகும். ஓர் ஆட்டம் சராசரியாக 35 முதல் 45 நிமிடம் ஓடும். டிராஃப்ட், இடைவேளை எல்லாம் சேர்த்தால் மூன்று ஆட்ட மோதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். நாளொன்றுக்கு 2 ஜிபி திட்டம் ஒரு மோதலுக்குச் சரியாக இருக்கும், இரண்டுக்குப் போதாது. தரத்தை இதற்கும் கீழே குறைத்தால் மினிமேப் வெறும் கறையாகத் தெரியும்; அப்புறம் இந்தக் கட்டுரையில் சொன்னதெல்லாம் வீண்.

நேரலையை யூடியூபிலும், ட்விட்ச் என்னும் நேரலைத் தளத்திலும் பார்க்கலாம். கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி: கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் செயலியில் டோட்டாவை இலவசமாக இறக்கிக்கொண்டால், விளையாட்டுக்குள்ளேயே சென்று, கேமராவை நீங்களே நகர்த்தி, விரும்பும் வீரரை மட்டும் பின்தொடரலாம். 60 ஜிபி அளவுக்கு இடம் வேண்டும். ஓர் இரவு முழுக்க இறங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஆங்கில வர்ணனை வேகமாகச் செல்லும். முதல் நாட்களில் சொற்கள் காதில் நிற்காவிட்டால் ஒலியைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். சில ஆண்டுகளில் புதியவர்களுக்கென்றே நிதானமாக விளக்கும் தனி ஒளிபரப்பும் நடத்தப்பட்டிருக்கிறது. அறிவிப்புப் பட்டியலில் அது இருந்தால் முதல் இரண்டு நாட்களுக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுதல், கூடிப் பார்த்தல்

யாருக்கும் ஆதரவின்றிப் பார்த்தால் இரண்டாவது மணி நேரத்தில் கொட்டாவி வரும். எங்கள் ஊர்ப் படிப்பகத் தொலைக்காட்சியில் ஹாம்பர்க் இறுதியாட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்த பெரியவர் ஒருவர் திரையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “இதுல நம்ம ஆளு யாரு மக்ளே?” பையன்கள் சிரித்தார்கள், ஆனால் புதியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். சீன அணியின் ஆமே என்ற வீரரைக் காட்டி, இவர் 2018இலும் 2021இலும் இறுதிவரை வந்து இரண்டு முறையும் 3-2 என்று தோற்றவர் என்று ஒரு பையன் விளக்கினான். “அப்ப அவன் ஜெயிக்கட்டு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் பெரியவர். அன்றும் ஆமேயின் எக்ஸ்ட்ரீம் கேமிங் அணி டீம் ஃபால்கன்ஸிடம் அதே 3-2 என்றே தோற்றது. கடைசி ஆட்டம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அப்படி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அணியைவிட வீரரைப் பின்தொடர்வது எளிது. அணிகளின் வீரர் பட்டியல் ஆண்டுதோறும் கலையும். தோல்வியாளர்கள் வேண்டாம் என்பவர்களுக்கு, தகுதிச்சுற்றின் அடிமட்டத்திலிருந்து வந்து 2018இல் வான்கூவரிலும், அதே ஐவரோடு 2019இல் ஷாங்காயிலும் பட்டம் வென்ற ஓஜி அணியின் கதை இருக்கிறது. 2018 இறுதியின் நான்காவது ஆட்டத்தில் செப் என்ற வீரர் ஆக்ஸ் என்ற ஹீரோவை ஆடிய விதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த டிஐக்குக் காத்திருக்கலாம்.

கூடிப் பார்ப்பதற்கு உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் திரை கட்டும் ஊர் மன்றங்களே போதும். ஒலிபெருக்கியை இரவில் குறைத்துக்கொள்வதும், அண்டை வீட்டாரிடம் முன்பே சொல்லிவைப்பதும் உங்கள் பொறுப்பு. ஐந்து ஆட்டங்கள் வரை போனால் ஐந்து மணி நேரமாகும். மரச்சீனியும் மீன்குழம்பும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கட்டும்.

எட்டாம் படி: பணம் பறிக்கும் வழிகளிலிருந்து விலகியிருத்தல்

டிஐ நடக்கும் வாரங்களில் பந்தயத் தளங்களின் விளம்பரங்கள் கூடவே வரும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், மின்விளையாட்டை ஒரு போட்டி விளையாட்டாக அங்கீகரிக்கிறது; பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்கிறது. எனவே இந்த அணிமேல் பணம் கட்டு என்று அழைக்கும் தளம் எதுவாக இருந்தாலும் அதன் பக்கம் போகாதீர்கள். இலவசப் பரிசுப்பொருள் தருகிறோம், எங்கள் அணிக்கு வாக்களியுங்கள் என்று வரும் இணைப்புகள் உங்கள் ஸ்டீம் கடவுச்சொல்லைத் திருடுவதற்கானவை. தெரிந்தவரின் கணக்கிலிருந்து வந்தாலும் அழுத்த வேண்டாம். அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். ஸ்டீம் கார்டு (Steam Guard) என்னும் கணக்குப் பாதுகாப்பைக் கணக்கு தொடங்கிய அன்றே இயக்கிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: நேரில் சென்று பார்க்க விரும்புவோருக்கு

இது எல்லாருக்கும் உடனே கைகூடுவதன்று. என்றாலும் இரண்டு மூன்று ஆண்டு பார்த்த பிறகு ஆசை வரும். நாகர்கோவிலிலிருந்து அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் திருவனந்தபுரம். மதுரை, சென்னை என்று அலைய வேண்டியதில்லை. கடவுச்சீட்டு கையில் இல்லாமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம். நம் மாவட்டம் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வருகிறது. இணையத்தில் விண்ணப்பித்து, காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்து கைக்கு வரும் வரை ஆகும் காலத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்.

போட்டி ஐரோப்பாவில் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். நுழைவுச்சீட்டு விற்பனை பெரும்பாலும் போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தொடங்கும். ஆகவே சீட்டு விற்பனை அறிவிப்பு வரும் நாளில் கடவுச்சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் வருமானச் சான்றும் ஆயத்தமாக இருக்க வேண்டும். சீட்டு கிடைத்துவிட்டது என்பது விசா கிடைக்கும் என்பதற்கு உறுதியாகாது. ஆதலால் திருப்பித் தரப்படாத விமானச் சீட்டை விசாவுக்கு முன் வாங்குவது அறிவுடைமையன்று.

எல்லா நாட்களுக்கும் சீட்டு எடுக்கக் கைக்காசு போதாதவர்கள், இறுதி நாளைவிட அதற்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுக்கலாம். இறுதி 3-0 என்று விரைவாக முடிந்துவிட வாய்ப்பிருக்கிறது; 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அப்படித்தான் முடிந்தது. முந்தைய நாளிலோ ஒன்றுக்கு மேற்பட்ட மோதல்கள் நடக்கும், ஊருக்குத் திரும்பும் அணிகளின் கடைசி ஆட்டமும் அதில் இருக்கும். அரங்கில் பெரிய திரைகள் சண்டையை நோக்கியே திரும்பியிருக்கும் என்பதால், இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது மேடைக்கு நெருக்கத்தைவிடத் திரையின் கீழ் மூலை தெளிவாகத் தெரியும் இடமா என்று அரங்கின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.